தொப்பூர் மேட்டில் 108 டிகிரி, முள் நடுவிலேயே நிற்கிறது. கவலைப்பட வேண்டுமா?

கே.ஆர்.பி. கரை, கிருஷ்ணகிரி:

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், 2015 மாடல். பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இழுவையில் குறையில்லை, மைலேஜும் சரியாகத்தான் தருகிறது. செக் இன்ஜின் விளக்கு ஒருமுறை எரிந்ததால் ப்ளூடூத் ஓபிடி கருவி (வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ளதைப் போனில் காட்டுவது) ஒன்றை வாங்கி மாட்டினேன். விளக்குக்குக் காரணம் ஏதோ சென்சார், அது தீர்ந்துவிட்டது. ஆனால் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூடு எவ்வளவு என்று போனில் எண்ணாகத் தெரிய ஆரம்பித்ததும் புதுக் கவலை பிடித்துக்கொண்டது.

கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி வரை 80, 90 வேகத்தில் போனால் 92 முதல் 94 வரை காட்டுகிறது. அதில் பிரச்சினை இல்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் மேட்டில் ஏசி போட்டு ஏறினால் 100ஐத் தாண்டி, மேலே வந்து சேரும்போது 108. மேடு முடிந்து சமதளம் வந்ததும் மெல்ல இறங்கிவிடுகிறது. இத்தனைக்கும் மீட்டர் முள் நடுவை விட்டு நகரவே இல்லை.

கூலண்ட் குறையவில்லை, கீழே சொட்டுவதில்லை, புகையும் இல்லை. ஊரில் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் 'முள்தான் ஏறலையே, அப்புறம் என்ன' என்றார். இன்னொருவர் 'நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு, கழற்றிப் போட்டுடலாம்' என்றார். (இன்ஜின் சூடான பிறகே கூலண்டை ரேடியேட்டர் பக்கம் விடுகிற வால்வுதான் தெர்மோஸ்டாட்.) இரண்டுமே மனதுக்கு ஒப்பவில்லை. 108 இயல்புதானா? இல்லையென்றால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பாலக்கோடு தக்காளி:

அந்தக் கருவியைக் கழற்றி டிராயரில் போடுங்கள். வண்டி உடனே குணமாகிவிடும்.

தொப்பூர் மூணாங்கியர்:

தக்காளி அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எண் தெரியாத காலத்தில் யாரும் 100ஐப் பார்த்துப் பயந்ததில்லை. மீதிப் பாதிதான் ஆபத்து.

முதலில் அந்த முள்ளை நம்ப வேண்டாம். இப்போது வரும் கார்களில் முள் நேராக சென்சாரோடு பேசுவதில்லை. இடையில் இருக்கும் கம்ப்யூட்டர், சூடு ஏறக்குறைய 75 முதல் 105 வரை எங்கே இருந்தாலும் முள்ளை நடுவிலேயே நிறுத்தி வைக்கும். சில வண்டிகளில் இந்த எல்லை இன்னும் அகலம். முள் லேசாக ஆடினாலே வாடிக்கையாளர்கள் சர்வீஸ் சென்டருக்கு ஓடி வந்ததால் கம்பெனிகள் செய்த ஏற்பாடு இது. அதனால் முள் நகர ஆரம்பிக்கும்போது விஷயம் ஏற்கெனவே முற்றியிருக்கும். சில கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். உங்களுக்கு எண்ணாவது தெரிகிறதே என்று சந்தோஷப்படுங்கள்.

108 என்றதும் தண்ணீர் கொதித்துவிடுமே என்று நினைக்கத் தோன்றும். கொதிக்காது. ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கர் மாதிரி. 1.1 பார் அழுத்தம் வரை உள்ளேயே பிடித்து வைக்கிற மூடி என்றால், வெறும் தண்ணீரே 120ஐ ஒட்டித்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி மேலே போகும். எனவே 108இல் இன்ஜின் சாகாது. ஆனால் மூடியின் ரப்பர் செத்திருந்தால் இந்தக் கணக்கு அத்தனையும் பொய்யாகிவிடும். மூடி மலிவு, முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

நான் கேட்க நினைப்பது வேறு. நிற்கும்போது ஏறுகிறதா, ஓடும்போது ஏறுகிறதா? நிற்கும்போது ஏறினால் ஃபேன் பக்கம் பாருங்கள். வேகத்திலும் மேட்டிலும் ஏறி, நின்றால் இறங்கினால் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பக்கம். பாதி நோயை இந்த ஒரு கேள்வியே பிரித்துக் காட்டிவிடும்.

இன்னொன்று. தொப்பூரில் சூடு ஏறுகிறதே என்று நடு மேட்டில் ஓரங்கட்டாதீர்கள். லாரிகள் வரும் இடம், வளைவு வேறு. ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். காருக்குள் வேகும்தான், ஆனால் ஹீட்டர் கோர் என்பது இன்னொரு குட்டி ரேடியேட்டர். நாலாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறாமல் மூன்றாவதுக்கு இறக்குங்கள். சுற்று கூடினால் வாட்டர் பம்பும் கூடுதலாகத் தள்ளும். சிவப்பு விளக்கே எரிந்துவிட்டால் மட்டும் இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். அகலமான இடம் பார்த்து நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்க நினைக்கவே கூடாது.

ஓசூர் ஷிஃப்ட்:

என்னிடம் இருப்பதும் அதே இன்ஜின், அதே வருடம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும்போது சூளகிரிப் பக்கம் ஏற்றத்தில் ஏசியோடு 99க்கு மேல் நான் பார்த்ததில்லை. தொப்பூரில், சித்திரை வெயிலில், நான்கு பேரோடு ஏறும்போது ஒருமுறை 101 காட்டியது. அதனால் 108 ஆபத்தில்லை என்றாலும் இந்த வண்டிக்கு இயல்பும் இல்லை. ஏதோ இருக்கிறது.

ஏசி இல்லாமல் நிறுத்தி வைத்து, ஃபேன் எந்த எண்ணில் ஓட ஆரம்பிக்கிறது, எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள்.

பென்னாகரம் பட்டறை:

தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னவரை நான் திட்ட மாட்டேன். பழைய லாரி, பழைய ஜீப் காலத்திலிருந்து கைமாறி வந்த பழக்கம் அது. கழற்றினால் சமதளத்தில் எண் உடனே குறையும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். ஆனால் இந்த மாதிரி இன்ஜினில் அது இரண்டு விதமாகக் கெடுக்கும்.

ஒன்று, இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர ரொம்ப நேரம் எடுக்கும். இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கம் ஒரு தட்டு இருக்கும். சூடு ஏறி மேல் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு போய் பைபாஸ் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினையே சுற்றிச் சுற்றி வரும். மேடு ஏறும்போது முன்பை விட மோசமாகச் சூடேறும். 'தெர்மோஸ்டாட்டை எடுத்த பிறகும் ஹீட் ஆகுது' என்று என்னிடம் வருகிற வண்டிகளில் பாதி இந்த ரகம்.

சந்தேகம் இருந்தால் கழற்றி, பாத்திரத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள், தெர்மாமீட்டரும் வையுங்கள். அதன் மேலேயே 82 அல்லது 88 என்று குத்தியிருக்கும். அந்தச் சூட்டையொட்டித் திறக்க ஆரம்பித்து, அதற்குப் பத்துப் பதினைந்து டிகிரி மேலே முழுதாகத் திறந்தால் நல்லது. அரைகுறையாகத் திறந்து நின்றால் புதுசு போடுங்கள். எங்கேயாவது மலிவாகக் கிடைக்கிறதே என்று டூப்ளிகேட் வாங்க வேண்டாம், இந்த உருப்படியில் மட்டும் கஞ்சத்தனம் உதவாது.

அரூர் வாத்தியார்:

யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லையே. கூலண்ட் என்ன நிறத்தில் இருக்கிறது? இதுவரை என்ன ஊற்றியிருக்கிறார்கள்?

நம் இரண்டு மாவட்டத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே ஃப்ளோரைடுதான் காரணம். ஆனால் ரேடியேட்டரைக் கெடுப்பது ஃப்ளோரைடு என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. பல்லையும் எலும்பையும் கெடுப்பது அது. ரேடியேட்டர் குழாயில் வெள்ளையாகப் படிவது கால்சியம், மெக்னீசியம் உப்புகள். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடும். வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலில் பார்ப்பதும் இதே பொருள்தான். ரேடியேட்டர் குழாய் தட்டையானது, உள்ளே இடைவெளி மிகக் குறைவு. மெல்லிய படிவு போதும், சூடு வெளியே போகத் தடை விழுந்துவிடும்.

மூணாங்கியர் சொன்ன கொதிநிலைக் கணக்கோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மூடி அழுத்தம் பிடிக்காமல், வெறும் தண்ணீராக இருந்தால் அங்கே 97 டிகிரியிலேயே கொதிக்கும். பச்சைத் தண்ணீர் ஊற்றி, செத்துப்போன மூடியோடு ஓடுகிற வண்டிக்கு 108 வரை போகிற பாக்கியமே கிடைக்காது. உங்கள் வண்டி 108இல் பொங்காமல் இருக்கிறது என்றால் மூடி ஓரளவு வேலை செய்கிறது என்றே நினைக்கிறேன்.

பாலக்கோடு தக்காளி:

ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும். எங்கள் சித்தப்பா வண்டியில் இப்படித்தான் ஆரம்பித்தது. பயமுறுத்தவில்லை, சொன்னேன்.

பென்னாகரம் பட்டறை:

பயமுறுத்தத்தான் செய்கிறீர்கள். கேஸ்கெட் போனால் கூலண்ட் குறையும், கூலண்ட் டேங்கில் குமிழி வரும், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையிலும் மேல் ஹோஸ் அழுத்தத்தோடு விறைப்பாக இருக்கும். இவர் வண்டியில் கூலண்டே குறையவில்லை. அப்படியும் மனம் கேட்காவிட்டால், டேங்க் வாயில் வைத்துப் பார்க்கிற நீல மருந்து இருக்கிறது. எரிந்த புகை கூலண்டில் கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றும் முன்னால் அதைச் செய்யாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

கே.ஆர்.பி. கரை:

எல்லோருக்கும் நன்றி. கேட்டதையெல்லாம் பார்த்தேன்.

ஏசி இல்லாமல் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தால் 98இல் ஃபேன் ஓடுகிறது, 92இல் நிற்கிறது. ஏசி போட்டால் உடனே ஃபேன் ஓடுகிறது. மாம்பழ லோடு வண்டிகளுக்கு நடுவே ரவுண்டானாவில் மாட்டி நின்றபோதும் 99ஐத் தாண்டவில்லை. ஆக, நிற்கும்போது ஏறவில்லை, மேட்டில் மட்டும்தான்.

கூலண்ட் வெளிர் பச்சை, ஏறக்குறைய தண்ணீர் மாதிரி. முந்தைய உரிமையாளரிடம் போனில் கேட்டேன், 'அப்பப்போ தண்ணி விட்டிருக்கோம்' என்றார். எந்தத் தண்ணீர் என்று அவருக்கே தெரியவில்லை. மூடியைப் புதிதாக மாற்றிவிட்டேன். எண்ணில் மாற்றமில்லை.

ஓசூர் ஷிஃப்ட்:

அப்படியென்றால் ஃபேனும் அதை ஓட வைக்கும் ரிலேயும் நன்றாக இருக்கின்றன. சும்மா நிற்கும் இன்ஜின் வெளியே தள்ளும் சூடு குறைவு. பாதி அடைத்த ரேடியேட்டர் கூட அதைச் சமாளித்துவிடும். மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதுதான் ரேடியேட்டரின் உண்மையான சக்தி தெரியும். இப்போது கேள்வி, அடைப்பு உள்ளேயா வெளியேயா?

எங்கள் ஆலையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம், காருக்கும் பொருந்தும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று இரவல் வாங்குங்கள். நல்ல மேடு ஏறி வந்த கையோடு, பாதுகாப்பான இடத்தில், இன்ஜின் ஓடும்போதே ரேடியேட்டருக்குள் போகும் ஹோஸிலும் வெளியே வரும் ஹோஸிலும் சூடு பாருங்கள். வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் தண்ணீர் மெதுவாகப் போகிறது. தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவில்லை, இல்லையென்றால் பம்ப் வீக், அதுவும் இல்லையென்றால் குழாய் அடைப்பு. வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால் தண்ணீர் நன்றாகவே போகிறது, ஆனால் சூட்டைக் காற்று எடுத்துப் போகவில்லை.

ஹோஸ் ரப்பர் கறுப்பு என்பதால் கருவி சரியாகக் காட்டும். பளபளக்கும் அலுமினியத்தில் அடித்தால் உண்மைச் சூட்டை விடக் குறைவாகக் காட்டி ஏமாற்றும். ரேடியேட்டர் முகத்தில் பார்ப்பதென்றால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சின்னத் துண்டுகளாக ஒட்டி அதன் மேல் அடியுங்கள். ஒரு பட்டை மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன என்று பொருள். கையை ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அது சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

தொப்பூர் மூணாங்கியர்:

அந்தக் கருவி கையில் இருக்கும்போதே நான்கு சக்கர டிஸ்க், டிரம்மிலும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் தனியாகக் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. அந்தச் சுமையும் இன்ஜின் தலையில்தான் விழும்.

கே.ஆர்.பி. கரை:

ஓசூர் அண்ணா, அளந்துவிட்டேன். தொப்பூர் ஏறி முடித்து அகலமான இடத்தில் நிறுத்திப் பார்த்தபோது உள்ளே போகும் ஹோஸ் 103, வெளியே வருவது 99. ரேடியேட்டர் முகத்தில் ஐந்து இடத்தில் டேப் ஒட்டிப் பார்த்தேன், தனியாகக் குளிர்ந்த பட்டை எதுவும் இல்லை. சக்கரங்கள் நான்கும் ஒரே மாதிரி.

பென்னாகரம் பட்டறை:

காற்றுதான். தண்ணீரைச் சந்தேகப்பட்டதில் தவறில்லை, கூலண்டை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் 108க்குக் காரணம் அதுவாகத் தெரியவில்லை.

முன்னால் நின்று கிரில் வழியாகப் பார்த்தால் உங்களுக்குத் தெரிவது ரேடியேட்டர் இல்லை, ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர். ரேடியேட்டர் அதற்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையாத சந்து. கண்டென்சர் வழியாக நுழைகிற மெல்லிய தூசியும் பூச்சியும் அந்தச் சந்தில், ரேடியேட்டரின் முன்முகத்தில் போய் அப்பிக்கொள்ளும். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னால் முன்னாலிருந்து அடிப்பார்கள். அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும், மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கி மிச்சமிருந்த வழியும் மூடும்.

பம்பரைக் கழற்றச் சொல்லுங்கள். கண்டென்சர் கிளிப்புகளை விடுவித்து, கேஸ் பைப்பைத் திறக்காமலேயே கொஞ்சம் முன்னால் சாய்க்கலாம். சாதாரண ஹோஸ் தண்ணீர், இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அழுத்தம் இல்லாமல், பொறுமையாக விட வேண்டும். ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டால் வேலை சுலபம்.

அப்படியே ரேடியேட்டரின் இரண்டு ஓரமும் மேலும் கீழும் ஸ்பாஞ்ச் பட்டையோ பிளாஸ்டிக் தடுப்போ இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் எங்கேயாவது இடித்து டிங்கரிங் செய்த வண்டியில் அதைத் திரும்ப மாட்டியிருக்கவே மாட்டார்கள். வேலைக்கு ஆகாத பிளாஸ்டிக் என்று தூக்கிப் போடுவார்கள். அது இல்லையென்றால் பம்பருக்குள் நுழைகிற காற்று ரேடியேட்டர் வழியாகப் போகாமல், சுலபமான வழி பார்த்து ஓரமாக நழுவிவிடும்.

அரூர் வாத்தியார்:

கூலண்டை மாற்றும்போது பழசைத் தோப்பிலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் ஆடும் குடித்துவிடும். கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் போய்விடும். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கிற பட்டறையில் கேட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

புதியதில் கலக்க டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரிக் கடையில் கேட்டால் கிடைக்கும். பேட்டரித் தண்ணீர் என்று தெளிவாகச் சொல்லி வாங்க வேண்டும். ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும்.

கே.ஆர்.பி. கரை:

முடிந்தது. பம்பரைக் கழற்றியதும் பட்டறைக்காரரே சிரித்துவிட்டார். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே செம்மண் தூசி, காய்ந்த புல், பூச்சி இறக்கை எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. கீழ்ப் பாதி முழுக்க மூடிக் கிடந்தது. இடது ஓரத்தில் ஸ்பாஞ்ச் பட்டை இல்லை, அந்தப் பக்கத்துத் தடுப்பும் இல்லை, பம்பர் கிளிப்பில் இரண்டு வேறு வண்டியுடையது. வாங்கும் முன்னால் எங்கேயோ இடித்துச் சரி செய்திருக்கிறார்கள்.

தடுப்பை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொல்லி வைத்து வாங்கினேன். கழுவி, உள்ளே டிஸ்டில்டு வாட்டரால் அலசி, பாதிக்குப் பாதி புதுக் கூலண்ட் ஊற்றி, ஏர் வெளியேறும் வரை ஹீட்டரைத் திறந்து வைத்து ஓட்டியாயிற்று. தெர்மோஸ்டாட்டைத் தொடவில்லை.

நேற்று மத்தியானம் அதே தொப்பூர் மேடு, அதே ஏசி. மேலே வந்தபோது 100. ஏசியும் முன்பை விட நன்றாகக் குளிர்கிறது. பழைய கூலண்ட் கேனில் இருக்கிறது சார், பட்டறையிலேயே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

தொப்பூர் மூணாங்கியர்:

ஏசி குளிர்வதும் அதே கணக்குதான். கண்டென்சரும் அதே காற்றைத்தானே நம்பியிருக்கிறது.

பாலக்கோடு தக்காளி:

எல்லாம் சரி, ஒரு சந்தேகம். என் டீசல் பிக்கப்பில் வெறும் வண்டியாகப் போனால் ஒன்றும் இல்லை. தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும்போது மட்டும் முள் முக்கால் பக்கம் போகிறது. கருவியெல்லாம் மாட்டவில்லை. முள்ளே நகர்கிறது என்றால் மூணாங்கியர் சொன்னபடி அதிகம்தானே?

பென்னாகரம் பட்டறை:

அதிகம்தான். உங்கள் வண்டியில் எலக்ட்ரிக் ஃபேனா, இன்ஜினோடு சுற்றுகிற ஃபேனா?

பாலக்கோடு தக்காளி:

இன்ஜினோடு சுற்றுவது. நடுவில் வட்டமாக ஒரு டப்பா இருக்கிறது.

பென்னாகரம் பட்டறை:

அந்த டப்பாதான் விஸ்கஸ் கிளட்ச். உள்ளே சிலிகான் எண்ணெய் இருக்கும். சூடு ஏறும்போது அது பிடித்துக்கொண்டு ஃபேனை வேகமாகச் சுற்ற வைக்க வேண்டும். எண்ணெய் கசிந்து போனால் ஃபேன் சுற்றுவது போலத் தெரியும், காற்று இழுக்காது. லோடோடு போய் வந்து, நல்ல சூட்டில் இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைக் கையால் தள்ளிப் பாருங்கள். தடுக்கிக்கொண்டு நின்றால் கிளட்ச் நல்லது. தள்ளிய வேகத்தில் இரண்டு மூன்று சுற்று லேசாக ஓடினால் போய்விட்டது. டப்பாவின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

பாலக்கோடு தக்காளி:

பார்த்தேன் அண்ணா. நாலு சுற்று ஓடுது. பிசுக்கும் இருக்கு. புதுசு என்ன விலை வரும், பழைய மார்க்கெட்டில் வாங்கலாமா?

பென்னாகரம் பட்டறை:

பழசு வேண்டாம். அதிலும் எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. மாடலையும் வருடத்தையும் தனிச் செய்தியில் அனுப்புங்கள், விலை கேட்டுச் சொல்கிறேன். அதுவரைக்கும் லோடைப் பாதியாகக் குறைத்து, வெயில் ஏறும் முன்னால் கிளம்புங்கள்.